இலத்தீனா, பிரெஞ்சா, ஸ்பானிய மொழியா? ஜேர்மனியில் பிள்ளைக்கு இரண்டாம் அந்நிய மொழி

பல்கலைக்கழகத்துக்குத் தயார்படுத்தும் மேல்நிலைப் பள்ளியான கிம்னாசியத்தில் பிள்ளை படிக்கும் வீடுகளுக்கு ஒரு வசந்தகாலத்தில் அந்தப் படிவம் வரும். ஆங்கிலத்துக்கு அடுத்ததாக எந்த மொழி என்று ஒரு கட்டத்தில் புள்ளடி போட்டு, கையெழுத்து வைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பயேர்ன், நீடர்சக்சன் போன்ற மாநிலங்களில் இந்த மொழி 6ஆம் வகுப்பில் தொடங்குகிறது. நோட்ரைன் வெஸ்ட்பாலனில், ஒன்பதாண்டு கிம்னாசியம் திரும்பி வந்த பிறகு, 7ஆம் வகுப்பில். படிவத்துக்கு முன்னால் பள்ளியில் பெற்றோருக்கு மாலைநேரக் கூட்டம் ஒன்றும் நடக்கும், தகவல் மாலை என்பார்கள். இலத்தீன் ஆசிரியர் கொலோசியத்தைத் திரையில் காட்டுவார், பிரெஞ்சு ஆசிரியர் ஐஃபெல் கோபுரத்தைக் காட்டுவார். வீட்டுக்கு வரும்போது, போகும்போது இருந்ததைவிடக் குழப்பம் கூடியிருக்கும்.

அதற்குப் பிறகு தமிழ்ப் பெற்றோர் ஒருவரை ஒருவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "பிள்ளைக்கு டொக்டராகத்தான் விருப்பம், அப்போ இலத்தீன் கட்டாயம்தானே?"

கட்டாயமில்லை. இலத்தீன் தேர்ச்சிக்குக் கொடுக்கும் லாட்டினும் சான்றிதழை ஜேர்மனியில் மருத்துவம் படிக்கக் கேட்பதில்லை; சட்டம் படிக்கவும் கேட்பதில்லை. மருத்துவ மாணவர்களுக்கு முதல் பருவத்திலேயே மருத்துவச் சொல்லியல் என்று ஒரு பாடம் இருக்கிறது. இலத்தீனைத் தொடாத பிள்ளையும் அதைப் படித்துத் தேறிவிடும். மருத்துவத்துக்கு இடம் கிடைக்க, கிம்னாசிய இறுதித் தேர்வான அபிடூரின் சராசரி நன்றாக இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால், எந்த மொழியில் உங்கள் பிள்ளைக்கு நல்ல புள்ளி வருமோ அதுதான் டொக்டராகும் வழிக்கு உதவும் மொழி.

இந்த ஒரு காரணத்தை ஒதுக்கி வைத்தால்தான் மற்றவற்றை நிதானமாகப் பார்க்கலாம்.

## எதை வைத்துப் பார்ப்பது

முதலாவது, வகுப்பில் பிள்ளை நாளாந்தம் என்ன வேலை செய்யப்போகிறது என்பது. இலத்தீன் வகுப்பும் பிரெஞ்சு வகுப்பும் மொழிப்பாடம் என்று ஒரே பெயரில் இருந்தாலும், 45 நிமிடம் உள்ளே நடப்பது முற்றிலும் வேறு. இரண்டாவது, பிள்ளையின் டொச் (ஜேர்மன் மொழி) எந்த நிலையில் இருக்கிறது. மூன்றாவது, வீட்டில் யார், எந்த அளவுக்குக் கூட இருந்து படிப்பிக்கலாம். நான்காவது, புள்ளி. இரண்டாம் அந்நிய மொழி கிம்னாசியத்தில் முதன்மைப் பாடம். இங்கே 1 மிகச் சிறந்த புள்ளி, 6 மிக மோசம்; அதில் 5 வாங்கினால் வகுப்பேற்றமே கேள்விக்குறியாகலாம். கடைசியாகத்தான் பல்கலைக்கழகம், வேலை, பயணம் எல்லாம்.

இன்னும் இரண்டு விடயங்கள் பிள்ளைகளின் மனத்தில் முதலிடத்தில் இருக்கும்: சிநேகிதி எதை எடுக்கிறாள், எந்த ஆசிரியர் வருகிறார். சிநேகிதி அடுத்த வருடம் வேறு சிநேகிதியோடு இருப்பாள். ஆசிரியரும் இரண்டு வருடத்தில் மாறிவிடுவார். பிள்ளை சொல்வதைக் கேளுங்கள், ஆனால் "ஏன்?" என்று கூடவே கேளுங்கள்.

இனி ஓர் அட்டவணை. விவரம் கீழே வருகிறது; அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது போதும்.

| | இலத்தீன் | பிரெஞ்சு | ஸ்பானிய மொழி |
|---|---|---|---|
| வகுப்பு நடக்கும் மொழி | டொச் | கூடுமானவரை பிரெஞ்சு | கூடுமானவரை ஸ்பானிய மொழி |
| முக்கிய வேலை | வாசித்து டொச்சுக்கு மாற்றுவது | கேட்பது, பேசுவது, எழுதுவது | கேட்பது, பேசுவது, எழுதுவது |
| எழுத்தும் ஒலியும் | எழுதியபடி வாசிக்கலாம் | அதிகம் விலகும் | பெரும்பாலும் எழுதியபடியே |
| கூச்சமுள்ள பிள்ளைக்கு | வசதி | கஷ்டம் | ஓரளவு கஷ்டம் |
| கவனம் சிதறும் பிள்ளைக்கு | கஷ்டம் | பரவாயில்லை | பரவாயில்லை |
| வீட்டில் சொல் கேட்டுப் பார்ப்பது | யாராலும் முடியும் | பிரெஞ்சு தெரிந்தால்தான் | கொஞ்சம் பழகினால் முடியும் |
| எப்போது கடினமாகும் | மூன்றாம், நான்காம் ஆண்டில் | முதல் ஆண்டிலிருந்தே, சீராக | இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு |
| கையில் கிடைப்பது | லாட்டினும் | பேச்சு, டெல்ஃப் சான்றிதழ் | பேச்சு |

## இலத்தீன்

ஜேர்மனியப் பள்ளிகளில் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டுக்கும் அடுத்த இடம் பல பத்தாண்டுகளாக இலத்தீனுக்குத்தான். யாரும் பேசாத மொழியை இத்தனை இலட்சம் பிள்ளைகள் ஏன் படிக்கிறார்கள் என்று எங்கள் ஆட்கள் ஆச்சரியப்படுவதுண்டு. வகுப்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் அந்த ஆச்சரியம் குறையும்.

முதல் மாதங்களில் வரக்கூடிய ஒரு வாக்கியம்: "தொமினுஸ் செர்வோ எபிஸ்துலம் தத்." இதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் வையுங்கள்: எசமான், அடிமைக்கு, கடிதத்தை, கொடுக்கிறான். ஒரு சொல்லையும் இடம் மாற்ற வேண்டியதில்லை. "செர்வோ"வின் கடைசி ஓ எங்கள் "கு"வின் வேலையைச் செய்கிறது. "எபிஸ்துலம்" என்பதன் அம் எங்கள் "ஐ"யின் வேலையை. வினை கடைசியில் வந்து நிற்கிறது. ஆங்கிலமும் டொச்சும் மட்டும் பழகிய பிள்ளைக்கு முதல் தடையே இதுதான்: சொல்லின் வாலைப் பார்த்து, யார் யாருக்கு எதைச் செய்தார் என்று கண்டுபிடிப்பது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை இதைப் பேசத் தொடங்கிய நாளிலிருந்தே செய்துகொண்டிருக்கிறது. இலத்தீனில் வேற்றுமை ஆறு, தமிழில் எட்டு. சனிக்கிழமை தமிழாலயத்தில் வேற்றுமை உருபைப் பாடமாக்கிய பிள்ளைக்கு அந்த நேரம் வீண்போகவில்லை என்று இங்கே தெரியும்.

சரி, அடுத்த படி. அதே வாக்கியத்தை டொச்சில் எழுத வேண்டும்: "டெர் ஹெர் கிப்ட் டெம் ஸ்க்லாவன் ஐனன் ப்ரீஃப்." இதில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் டெர், டெம், ஐனன் என்ற மூன்றும் இலத்தீனில் இல்லை, தமிழிலும் இல்லை. பிள்ளைதான் யோசித்துப் போட வேண்டும். அடிமை "ஸ்க்லாவ"தான், ஆனால் டெம் போட்டால் வாலில் ஒரு ன் சேர வேண்டும். கடிதத்துக்கு ஐனனா, டெனா? முன்னால் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேச்சு வந்திருந்தால் டென், இல்லாவிட்டால் ஐனன். எங்கள் பிள்ளைகள் டொச்சில் வழுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். கதைக்கும்போது வேகத்தில் மறைந்துவிடும், எழுத்தில் மாட்டிக்கொள்ளும். இலத்தீன் வகுப்பு வாரத்தில் மூன்று, நான்கு தடவை பிள்ளையை அங்கேயே நிறுத்தி, "எது, ஏன்?" என்று கேட்கிறது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தில் இலத்தீன் கற்பித்தல் முறையை ஆராயும் பேராசிரியர் ஸ்டெஃபான் கிப்ஃபும் அவரது குழுவினரும், வீட்டில் டொச் பேசாத பிள்ளைகள் இலத்தீன் படிக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். குடிவந்த குடும்பங்கள் நிறைந்த நொய்கோல்ன் பகுதிப் பள்ளியும் அவர்கள் பார்த்ததில் ஒன்று. இலத்தீன் டொச்சுக்குப் பாலமாக உதவலாம் என்பது அவர்கள் வாதம். ஆனால் ஆசிரியர் டொச் வாக்கியத்தையும் பாடமாக எடுத்து நடத்த வேண்டும். இலத்தீன் வாக்கியம் விளங்கியதோடு அடுத்த பக்கம் புரட்டுகிற ஆசிரியரிடம் இந்தப் பயன் பாதியாகிவிடும். தகவல் மாலையில் கேட்க வேண்டிய கேள்வி இது.

மற்றப்படி, இலத்தீன் படித்தால் மூளை கூர்மையாகும், கணக்கு தானாக வரும் என்பதை நம்பி எடுக்காதீர்கள். 1920களிலேயே அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் இதைத் தேடிப் பார்த்தார். அப்படி எதுவும் கிடைக்கவில்லை. "இலத்தீன் தெரிந்தால் ஸ்பானிய மொழி, இத்தாலிய மொழி எல்லாம் சுலபம்" என்பதும் பாதி உண்மைதான். லுட்விக் ஹாக், எல்ஸ்பெத் ஸ்டெர்ன் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பானிய மொழியைப் புதிதாகத் தொடங்கிய ஜேர்மனிய மாணவர்களை ஒப்பிட்டார்கள். பள்ளியில் இலத்தீன் படித்திருந்தவர்களைவிட பிரெஞ்சு படித்திருந்தவர்கள்தான் குறைவான பிழை விட்டார்கள். உயிரோடு இருக்கும் மொழிக்கு உயிரோடு இருக்கும் அதன் உறவுமொழிதான் கிட்டத்துச் சொந்தம் போலிருக்கிறது.

வீட்டு உதவியில் இலத்தீனுக்கு ஒரு பெரிய வசதி உண்டு, தகவல் மாலையில் யாரும் அதைச் சொல்வதில்லை. எழுத்தைப் பார்த்து அப்படியே வாசிக்கலாம். டொச் அரைகுறையாகத் தெரிந்த அம்மாவும், சொற்பட்டியலில் ஒரு பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, பிள்ளையிடம் சொல் கேட்டுப் பார்க்கலாம். பிள்ளை சொன்னது சரியா பிழையா என்று தெரியும். பிரெஞ்சில் இதைச் செய்ய முடியாது. அந்தச் சொல்லை வாயால் சொல்வதற்கே முதலில் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும்.

### இலத்தீனில் மறைந்திருக்கும் செலவு

முதல் வருடம் ஏமாற்றும். ரோமானியக் குடும்பம், சந்தை, குளியல்மண்டபம், ஹனிபாலின் யானைகள் என்று கதையாகப் போகும். வாக்கியங்கள் சிறியவை. நல்ல ஞாபகசக்தி உள்ள பிள்ளை அரைமணி நேரம் படித்துவிட்டு 2 வாங்கிவிடும். பிறகு வால்கள் குவியத் தொடங்கும். "புவெல்லே" என்று ஒரு சொல் வந்தால், அது "பெண்ணின்" ஆகலாம், "பெண்ணுக்கு" ஆகலாம், "பெண்கள்" ஆகலாம், "பெண்களே!" என்ற விளியும் ஆகலாம். எது என்பதை மற்றச் சொற்களைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். தமிழ் கொடுத்த முன்னிலை இங்கே தீர்ந்துபோகும். பெயர்ச்சொல்லில் ஐந்து வகுப்பு, வினையில் நான்கு வகுப்பு, ஒவ்வொன்றுக்கும் தனி அட்டவணை. ஓர் இரண்டு கிழமை படிக்காமல் விட்டால் அந்த ஓட்டை தானாக மூடாது. மேலே கட்டுவதெல்லாம் அதன்மீதுதான்.

பாடநூல் முடிகிற காலத்தில், 1,200 சொல் அளவில் கையில் இருக்கும்போது, உண்மையான இலத்தீன் எழுத்தாளர்களின் நூல்கள் வரும். முதலில் பெரும்பாலும் சீசர். ஒரு வாக்கியம் நான்கு, ஐந்து வரிக்கு நீளும். 2 வாங்கிய பிள்ளை 4க்கு இறங்குவது இந்த இடத்தில்தான். ரியூசன் தேடி அலைவதும் இந்த இடத்தில்தான்.

தேர்வு திருத்தும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமாகத் தேர்வின் மூன்றில் இரண்டு பங்கு மொழிபெயர்ப்பு, ஒரு பங்கு இலக்கணமும் ரோம வரலாறும். மொழிபெயர்ப்பில் பிழையை எண்ணிப் புள்ளி போடுவார்கள். நோட்ரைன் வெஸ்ட்பாலன் பாடத்திட்டப்படி 100 சொல்லுக்கு 12 முழுப் பிழைக்குள் இருந்தால்தான் 4. வீட்டில் "நல்லாத்தான் செய்தேன்" என்று சொன்ன பிள்ளை 5ஓடு வருவதற்கு இதுதான் காரணம். கதை அதற்கு விளங்கியிருக்கும். ஆனால் வால்களைப் பார்க்காமல் ஊகித்து எழுதியிருக்கும்.

இன்னொன்று, இந்தக் காலத்துச் செலவு. பாடநூல் வாக்கியங்களின் மொழிபெயர்ப்பு முழுவதும் இணையத்தில் கிடைக்கும். கைபேசியில் படமெடுத்தாலே நொடியில் டொச் வந்துவிடும். வீட்டுவேலை எப்போதும் சரியாகவும் தேர்வு எப்போதும் மோசமாகவும் இருந்தால், வேறு எங்கும் தேட வேண்டாம். ஒரு வாக்கியத்தைச் சுட்டி, "இந்தச் சொல் ஏன் இப்படி முடியுது?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விளங்கிக்கொள்ளலாம்.

காசுச் செலவு பெரிதில்லை. மேல் வகுப்பில் ஸ்டோவாசர் போன்ற ஒரு தடித்த அகராதி, ட்ரியர் அல்லது ஸாண்டன் சுற்றுலா, சில பள்ளிகளில் ரோம் பயணம். அவ்வளவுதான்.

லாட்டினும் பற்றி ஒரு வார்த்தை. 2005இல் எல்லா மாநிலக் கல்வியமைச்சுகளும் சேர்ந்து ஒப்புக்கொண்ட சான்றிதழ் இது; ஒரு மாநிலத்தில் வாங்கியது எல்லா மாநிலத்திலும் செல்லும். எந்த வகுப்பு முடிவில் கிடைக்கும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பள்ளியில் கேளுங்கள். கடைசி அறிக்கையில் குறைந்தது 4 இருக்க வேண்டும். இறையியல், தொல்லியல், பண்டைய வரலாறு, இலத்தீன் ஆசிரியர் பயிற்சி போன்றவற்றுக்கு இன்றும் பல இடங்களில் கேட்கிறார்கள். மொழி, வரலாற்றுத் துறைகள் சிலவற்றில் கேட்பார்கள், சிலவற்றில் கைவிட்டுவிட்டார்கள். எங்கள் பிள்ளைகளில் இந்தப் பக்கம் போகிறவர்கள் மிகக் குறைவு. போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை.

## பிரெஞ்சு

பிரெஞ்சுக்குப் பக்கபலமாக மற்றக் குடும்பங்களுக்கு இல்லாத ஒரு காரணம் எங்களிடம் இருக்கிறது. பாரிசில் சித்தப்பா, லொசானில் மாமி, மொன்றியலில் பெரியம்மா என்று பிரெஞ்சு பேசும் ஊர்களில் சொந்தம் இல்லாத ஈழத்தமிழ்க் குடும்பத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கோடை விடுமுறைக்கு, பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்குப் போகிற பிள்ளை, கடையில் பிரெஞ்சில் ஒரு ரோல்ஸ் கேட்டு வாங்கிவிட்டால், பாடநூலின் மூன்று அத்தியாயம் அங்கேயே உறைத்துவிடும். அங்கு பிறந்த மச்சான் மச்சாளோடு தமிழில் தொடங்கும் கதை பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவுகிறது இப்போது. அந்த இடத்தில் பிரெஞ்சு வந்து நிற்கலாம்.

பேச வேண்டும் என்பதுதான் இந்த வகுப்பின் பலமும் பாரமும். ஆசிரியர் பிரெஞ்சில் கேட்பார், பிள்ளை பிரெஞ்சில் பதில் சொல்ல வேண்டும். வகுப்பில் வாய்திறப்பதற்கு அறிக்கையில் பெரிய பங்கு உண்டு. சில வகுப்புகளில் ஓர் எழுத்துத் தேர்வுக்குப் பதிலாக வாய்மொழித் தேர்வே வைக்கிறார்கள். பிழை விடப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, எழுத்தில் 2 இருந்தாலும் அறிக்கையில் 3 வரும்.

எழுத்து இன்னொரு மலை. பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார்கள் என்ற மூன்றுக்கும் வினை காதுக்கு "பார்ல்" என்று ஒரே மாதிரி விழும். எழுதும்போது மூன்று விதம். "ஓ" என்ற ஒரே ஒலிக்கு ஓர் எழுத்து, இரண்டெழுத்து, மூன்றெழுத்து என்று எத்தனையோ வடிவம். டொச்சிலேயே எழுத்துப்பிழையோடு போராடும் பிள்ளைக்கு, அதிலும் வாசிப்பு எழுத்துக் குறைபாடு என்று கண்டறியப்பட்ட பிள்ளைக்கு, இது இரட்டைச் சுமை. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இலத்தீனைப் பரிந்துரைக்கும் ஆசிரியர்கள் பலர் இருப்பதன் காரணம் இதுதான்: எழுதியபடி ஒலிக்கும், அந்நிய மொழியில் எழுத வேண்டியதும் குறைவு.

டொச்சுக்கு பிரெஞ்சு நேரடியாக உதவாது. பிள்ளையின் டொச் ஏற்கெனவே நன்றாக இருந்தால் அது ஒரு குறையே இல்லை.

மறைந்திருக்கும் செலவு இங்கே வீட்டுக்குள் வரும். 8ஆம், 9ஆம் வகுப்பில் மாணவர் பரிமாற்றம் நடக்கும். பிரான்சிலிருந்து ஒரு பிள்ளை வந்து ஒரு கிழமை உங்கள் வீட்டில் தங்கும். பிறகு உங்கள் பிள்ளை அங்கே போகும். இரண்டு அறை வீட்டில் நான்கு பேர் இருக்கும் குடும்பத்துக்கு இது சின்ன விடயமில்லை. தெரியாத வீட்டில் மகளைத் தங்கவிடத் தயங்கும் அப்பாமாரும் இருக்கிறார்கள். அந்தத் தயக்கம் இருந்தால் இப்போதே வீட்டில் பேசித் தீர்த்துவிடுங்கள், 9ஆம் வகுப்பில் பஸ் ஏறும் கிழமையில் வேண்டாம். போய்வந்த பிள்ளையின் பிரெஞ்சு வேறு தளத்துக்குப் போய்விடும் என்பதையும் சொல்ல வேண்டும். 1963இல் எலிசே உடன்படிக்கையோடு பிறந்த ஜேர்மன் பிரெஞ்சு இளைஞர் அமைப்பு இந்தப் பயணங்களுக்கு உதவித்தொகை தருகிறது. பிரிகிட் சோசே திட்டத்தில் இரண்டு, மூன்று மாதம்கூடப் போகலாம்.

பள்ளியிலேயே டெல்ஃப் தேர்வு எழுதலாம். அது பிரெஞ்சுக் கல்வியமைச்சின் சான்றிதழ். ஜேர்மனிக்கு வெளியேயும் செல்லும். சுவிசில் வேலை தேடும் எண்ணமிருந்தால் இது லாட்டினுமைவிடப் பயன்படும்.

## ஸ்பானிய மொழி

பிள்ளைகளிடம் கேட்டால் பாதிப்பேர் இதைத்தான் சொல்வார்கள். பாட்டு, உதைபந்தாட்டம், மயோர்க்கா விடுமுறை எல்லாம் அந்தப் பக்கம் இழுக்கிறது. ஒலியும் எழுத்தும் ஒத்துப்போவதால் தொடக்கமும் இனிமை. ஆனால் எல்லாக் கிம்னாசியத்திலும் இரண்டாம் மொழியாக இது கிடைப்பதில்லை. பல இடங்களில் மூன்றாம் மொழியாக 8ஆம் அல்லது 9ஆம் வகுப்பில்தான் தொடங்கும். கிடைக்கிற பள்ளியிலும் விண்ணப்பம் கூடினால் சீட்டுக் குலுக்குவார்கள்.

என் கணக்கு இதுதான்: ஸ்பானிய மொழி பிறகும் கிடைக்கும் பள்ளியென்றால், இப்போது பிரெஞ்சு எடுத்துவிட்டு இரண்டு, மூன்று வருடம் கழித்து இதையும் சேர்ப்பது நல்லது. மேலே சொன்ன ஹாக், ஸ்டெர்ன் ஆய்வு சொல்வதும் அந்தப் பக்கம்தான்.

## "இலத்தீனைப் பிறகு பார்க்கலாம்" என்றால்

பார்க்கலாம். சில பள்ளிகளில் மூன்றாம் மொழியாக எடுக்கலாம். மேல்வகுப்பில் புதிதாகத் தொடங்கவும் சில இடங்களில் வசதியுண்டு. பல்கலைக்கழகத்திலும் லாட்டினும் வகுப்புகள் இருக்கின்றன. ஆனால் தாமதத்துக்கு ஒரு விலை உண்டு. பள்ளியில் ஐந்து வருடம் ஓடுகிற பாடத்தைப் பல்கலைக்கழகத்தில் ஓரிரண்டு பருவத்தில் திணிப்பார்கள், அதுவும் மற்றப் பாடங்களோடு சேர்த்து, பாதி விடுமுறை நாட்களில். இறையியலோ தொல்லியலோ படிப்பேன் என்று 11 வயதிலேயே சொல்லும் பிள்ளை அபூர்வம். அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் இப்போதே இலத்தீன் கொடுங்கள். மற்றவர்களுக்கு இந்தப் பயம் வேண்டாம். பள்ளியில் மூன்றாம் மொழி வகுப்புக்குப் போதிய பிள்ளைகள் சேராவிட்டால் அந்த வகுப்பே நடக்காமல் போகலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ 8ஆம், 9ஆம் வகுப்பில் நேரே வந்து சேரும் பிள்ளையின் நிலை வேறு. டொச்சே புதிது, அதற்குள் இன்னொரு மொழியைத் திணிப்பது கொடுமை. சில மாநிலங்களில் தாய்மொழியில் ஒரு தேர்வு எழுதி, அதை இரண்டாம் அந்நிய மொழிக்குப் பதிலாகக் கணக்கில் எடுக்கலாம்; தமிழுக்குத் தேர்வாளர் கிடைக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். வந்த கையோடு பள்ளியிலும் கல்வி அலுவலகத்திலும் கேட்டுவிடுங்கள். வருடம் போன பிறகு கேட்டால் வழி குறுகிவிடும்.

## எந்தப் பிள்ளைக்கு எது

இலத்தீன் பொருந்துவது: வாய் குறைவு, கண் கூர்மை என்ற வகைப் பிள்ளைக்கு. புதிர், லெகோ, செஸ் என்று பொறுமையாக உட்காரும் பிள்ளைக்கு. வீட்டில் தமிழ் நன்றாகப் பேசி, டொச்சில் "டெர், டி, டஸ்" தடுமாறும் பிள்ளைக்கு இதை நான் குறிப்பாகச் சொல்வேன். எழுத்துக்கூட்டலில் கஷ்டப்படும் பிள்ளைக்கும் பொருந்தும், ஆனால் ஒவ்வொரு வாலையும் பார்க்கும் பொறுமை இருந்தால்தான்.

பிரெஞ்சு பொருந்துவது: கதைக்க ஆசைப்படும், பிழை விட்டாலும் சிரித்துக்கொண்டு தொடரும் பிள்ளைக்கு. கேட்ட பாட்டை அப்படியே திருப்பிப் பாடும் காது உள்ள பிள்ளைக்கு. பிரெஞ்சு பேசும் ஊரில் சொந்தமும் போக்குவரத்தும் உள்ள குடும்பத்துக்கு. ஒவ்வொரு விதிக்கும் "ஏன்?" என்று கேட்டு நிற்கும் பிள்ளை பிரெஞ்சில் எரிச்சலடையும், அதன் இடம் இலத்தீன்.

ஆங்கிலத்திலேயே 4, 5 வாங்கும் பிள்ளையென்றால், எதில் அந்தப் புள்ளி போகிறது என்று பாருங்கள். சொல் படிக்காததால் போகிறதென்றால் எந்த மொழியும் காப்பாற்றாது. இலத்தீன் இன்னும் மோசமாகக் காட்டிக்கொடுக்கும். பேசக் கூச்சத்தால் போகிறதென்றால் இலத்தீன் ஆறுதல் தரும். எழுத்துப்பிழையால் என்றால் பிரெஞ்சைத் தவிர்க்கலாம்.

## படிவத்தைக் கொடுப்பதற்கு முன்

அபிடூருக்கு இரண்டு அந்நிய மொழி வேண்டும். இப்போது தொடங்கும் மொழியை நடுவகுப்புகளில் குறைந்தது நான்கு வருடம் படித்தால் அந்தக் கடமை தீர்ந்தது, பிறகு விட்டுவிடலாம். நடுவில் கைவிட்டால் மேல்வகுப்பில் புதிய மொழி ஒன்றைத் தொடங்கி அபிடூர் வரை இழுக்க வேண்டும். ஆகவே பள்ளியிடம் மூன்று விடயம் கேளுங்கள். மாற்ற அனுமதி உண்டா, எந்தத் திகதி வரை? கடந்த வருடங்களில் மூன்றாம் மொழி வகுப்பு உண்மையில் நடந்ததா, அறிவிப்போடு நின்றதா? இலத்தீன் தேர்வில் டொச் பிழையை எப்படிப் பார்க்கிறார்கள்? சில பள்ளிகள் முதல் வாரங்களில் மாற விடும், அதுவும் மற்ற வகுப்பில் இடமிருந்தால்தான். சில பள்ளிகள் விடுவதே இல்லை. வாய்ச்சொல்லாக வாங்காமல் மின்னஞ்சலில் கேட்டு வையுங்கள்.

பல படிவங்களில் இரண்டாவது விருப்பம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதை ஒப்புக்கு நிரப்பாதீர்கள். இலத்தீன் குழு நிறையாவிட்டாலோ ஸ்பானிய மொழிக்குக் குலுக்கலில் சீட்டு விழாவிட்டாலோ, பிள்ளை நான்கு, ஐந்து வருடம் உட்காரப்போவது அந்தக் கட்டத்தில் நீங்கள் எழுதிய மொழியின் வகுப்பில்தான்.